டிஷ்வாஷர் இணைப்பு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிஷ்வாஷரை விற்றுவிட்டு, மாட்டித் தராமல் பெட்டியோடு வைத்துவிட்டுப் போகிறோம் என்றும், வயர் விற்பதற்காகவே புதிய லைன் இழுக்கச் சொல்கிறோம் என்றும் மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பேச்சு உலவுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சில வீடுகளில் இணைப்புக் கொடுக்காமல் எங்கள் ஆட்கள் திரும்பியது உண்மை. அதற்கான காரணத்தை எங்கள் வாயாலேயே நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

டிஷ்வாஷர் தண்ணீரைச் சூடாக்கும்போது சுமார் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. மிக்சி மாட்டும் 6 ஆம்பியர் பாயிண்ட் 1380 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே 16 ஆம்பியர் பாயிண்ட்டும், வீட்டின் ஃபியூஸ், சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து தனியாக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் வேண்டும். இதைப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மனத்தைப் புண்படுத்துவது வேறொன்று. “அவர்கள் முடியாதென்று போன வேலையை எங்கள் தெரு வயர்மேன் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்” என்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது இதுதான். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். மேலேயுள்ள பெரிய துளைக்குப் பின்னால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் இருக்காது. மின்சாரம் திரும்பிப்போகும் வயரான நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து அந்த எர்த் முனையில் கோத்துவிட்டால் இயந்திரம் ஓடும், அதன் உடலில் டெஸ்டர் வைத்தாலும் விளக்கு எரியாது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால், ஹீட்டர் வழியாக வரும் மின்சாரம் திரும்பிப்போக வழியின்றி அந்தத் துண்டு வயரில் ஏறி, இயந்திரத்தின் உலோக உடல் முழுவதும் நிற்கும். ஈரத் தரையில் நின்று ஈரக் கையால் அதன் கதவைத் திறப்பவர் உங்கள் வீட்டு மனிதர். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த கம்பங்களைப் பார்த்த நமக்கு, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் இழுபட்டு அறுவது நடக்காத காரியம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு: இயந்திரத்துக்குள் மின்கசிவு ஏற்பட்டாலும், அது அதே நியூட்ரல் வழியே திரும்பிவிடுவதால், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டிய ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் அதை அறியவே அறியாது. அந்தத் துண்டு வயரைக் கோக்க எங்கள் ஆட்களுக்கும் தெரியும். கோக்கக்கூடாது என்பது என் கட்டளை.

முறையான எர்த் என்பது கொல்லையில் குழியெடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, அங்கிருந்து தனி வயர் கொண்டுவருவது. நம் களிமண்ணில் ஈரம் இருக்கும்வரை அது நன்றாகவே உழைக்கும். சித்திரை, வைகாசியில் மண் வெடிக்கும்போது மட்டும் குழியில் தண்ணீர் ஊற்றவேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எந்த மின்பணியாளரிடமும் கொடுக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள வயரை எந்தக் கடையிலும் வாங்கலாம். எங்களிடம் வாங்கவேண்டிய கட்டாயம் என்றுமே இருந்ததில்லை.

எங்கள் மூத்த எலக்ட்ரீஷியன் வளைகுடா சென்றுவிட்டதால் பொருத்தும் கூலி இனி பொருளின் விலையில் சேராது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீடாமங்கலத்திலிருந்தும் வடுவூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் பேருந்து ஏறி வந்து, பெற்றோர் கிரைண்டர் வாங்கிய கடை இது என்று பிள்ளைகளிடம் சொல்லும் உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றி பெரிது. இந்தப் பேச்சு கிளம்பிய பிறகும் நேரில் வந்து விவரம் கேட்டவர்களை மறக்கமாட்டேன்.

புதிதாக வாங்குவோர், பொருள் வருமுன் சாக்கெட்டையும் டிபி பெட்டியையும் படமெடுத்துக் கடை வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். வேறு ஆளை வைத்து இணைப்புக் கொடுத்துக்கொண்டவர்கள், எங்கள் மீது வருத்தம் இருந்தாலும், இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு சொல் சொல்லுங்கள். எர்த்தைச் சோதித்துச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
மன்னார்குடி