தேமலைத் தொட்டுப் பாருங்கள், டாக்டர்

தமிழ்நாட்டில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். தொழுநோய்த் திட்டத்தில் களப்பணி பார்த்து ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன்.

உங்களில் இளையவர்கள் பலர், படித்த காலத்தில்கூட புதுத் தொழுநோயாளி ஒருவரையும் பார்த்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமில்லை. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு 2005 டிசம்பரில் எட்டியது. தனியாக இயங்கிய திட்டமும் பொதுச் சுகாதாரத் துறையோடு கலந்துவிட்டது. ஆனாலும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் குறைவுதான். வீடு தேடி வந்து பார்க்க ஆள் குறைந்துபோனதால், நோயாளி முதலில் வருவது உங்களிடம்.

வெளிறிய ஒரு தேமல், அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. படர்தாமரைக்கு ஒரு க்ரீம் எழுதுகிறீர்கள். கேட்கவில்லையென்றால் அவர் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் வாங்கிப் பூசுகிறார். அப்புறம் சுண்டுவிரல் மடங்கிய பிறகுதான் மறுபடி வருகிறார். மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பால்பாயின்ட் பேனா போதும். முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு அவரைக் கண்ணை மூடச் சொல்லித் தேமலின் மேல் மெல்லத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அங்கே உணர்ச்சி இல்லை, தொழுநோயாக இருக்கலாம். கேள்வி கேட்டுக்கொண்டே தொடாதீர்கள், மரியாதைக்காக ‘ஆமாம் டாக்டர்’ என்பார்கள்! உணர்ச்சி இருந்தாலும் விட்டுவிட முடியாது. கிருமி அதிகமுள்ள வகையில் தேமலில் உணர்ச்சி இருக்கலாம். காதுமடல் தடித்திருக்கும், தோல் மினுமினுக்கும், புருவம் உதிரும். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பாருங்கள், கயிறுபோல் தடித்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூட்டு மருந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ, இலவசம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டுக் குறித்துக் கொடுங்கள். கிருமி உள்ளே போய் நோய் தெரிய ஐந்து வருடம் ஆகலாம், இருபதும் ஆகலாம். அதனால் அவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு, அது வராமல் தடுக்க, ஒரே வேளை ரிஃபாம்பிசின் மருந்து தருகிறார்கள்.

நோயின் பெயரை மட்டும் காத்திருக்கும் கூட்டத்தின் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். அவர் திரும்பி வரமாட்டார். நீங்கள் அனுப்பும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இல்லை என்று வந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற களப்பணியாளர் ஒருவர்