விறகுல ஓடுற பிக்கப்பப் பாத்துட்டேன் மாப்ள

மாப்ள,

பதில் போடலன்னு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன், கடைசில எங்க பரம்பரைய இழுத்தது மட்டும் கொஞ்சம் ஓவர். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துருச்சு, தங்கச்சிகிட்ட சொல்லு. ஆபீஸப் பத்தி மட்டும் கேக்காத. இப்ப எழுத உக்காந்ததுக்குக் காரணமே வேற.

இங்க அமெரிக்காவுல, அலபாமா ஹன்ட்ஸ்வில்ல நம்மாளுங்க ஆட்டுக்கறி வேணும்னா பண்ணைக்குத்தான் போவோம். போன சனிக்கிழமை கல்மன் பக்கம் ஒரு பெரியவர் பண்ணைக்குப் போயி, கெடா எதுன்னு பாத்துக்கிட்டு நிக்கிறோம், தூரத்துல ஒரு பழைய டாட்ஜ் டகோட்டா பிக்கப் வைக்கோல் உருளை ஏத்துன டிரெய்லர இழுத்துக்கிட்டு வருது. பின்னாடி தொட்டில பாதிக்கு ஆளுயர டிரம்மு, குழாயி, துருப்புடிச்ச தகரம். பக்கத்துல வந்தா நம்மூரு கல்யாணத்துல பந்திக்கு மூட்டுவாங்களே அந்த அடுப்பு வாசம். என்னய்யா இதுன்னு கேட்டா, மனுஷன் ரொம்ப சாதாரணமா சொல்றாரு, இது விறகுல ஓடுதுன்னு. பெட்ரோல் டேங்க் இருக்கு, ஆனா பேருக்குத்தானாம். நான் கறிய மறந்துட்டேன், வீட்டுக்காரி முறைச்சதெல்லாம் தனிக் கதை.

பத்த வச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன். இது சூடா இருக்கு, காலையில வான்னுட்டாரு. மறுநாள் விடிய போயி நின்னேன், ஞாயித்துக்கிழமை அதுவும், நானு! அடியில ஒரு கம்பிய ஆட்டி சாம்பல உதுத்தாரு, மேல மூடியத் திறந்து சாக்குல இருந்த மரத்துண்ட கொட்டுனாரு. ஒவ்வொண்ணும் உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸு, மரமில்லுல கழிச்சுப் போடுற ஓக் பலகை. மூடிட்டு, ஒரு சின்ன ப்ளோயரப் போட்டு, ஓட்டை வழியா டார்ச்சு நெருப்பக் காட்டுனாரு. முதல்ல தண்ணிப் புகை, கண்ணு எரியுது. சித்த நேரத்துல புகை மெலிஞ்சுருச்சு, வெளிய வர்ற கேஸுல லைட்டரக் காட்டுனாரு பாரு, டப்புன்னு பத்திக்கிச்சு, வெயில்ல பாதி சுவாலை கண்ணுக்கே தெரியல. அவ்வளவுதான், ப்ளோயர நிப்பாட்டிட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அதுக்கப்புறம் இன்ஜினே உறிஞ்சுக்கும்.

காலேஜ்ல தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ்ல நீ தூங்குனவன்ங்கிறதால சொல்றேன். மரத்த முழுசா எரிக்கிறதில்ல, காத்தக் கொறச்சுக் குடுத்து டிரம்முக்குள்ள ஆயிரம் டிகிரிக்கு மேல சூடேத்துறாங்க. வர்ற புகையெல்லாம் கீழ இருக்குற தணல் கரி வழியா போயே ஆகணும், அங்கதான் கார்பன் டை ஆக்சைடு கார்பன் மோனாக்சைடா மாறுது, நீராவி ஹைட்ரஜனா உடையுது, புகையில இருக்குற தாரும் அங்கயே செத்துருது. கடைசில கெடைக்கிற கேஸுல பாதி வெறும் நைட்ரஜன், மோனாக்சைடு ஒரு இருபது சதவீதம், ஹைட்ரஜன் அதுக்குக் கொஞ்சம் கம்மி. அதனால பவர் கொறையும், பெட்ரோல்ல இருந்ததுல மூணுல ரெண்டு பங்கு வந்தா நல்ல செட்டுன்னு அர்த்தம். அந்தப் பெரியவரு ஒரு மைலுக்கு ஒரு பவுண்டு மரம்னு கணக்கு வச்சிருக்காரு, நம்ம கணக்குல கிலோமீட்டருக்கு முன்னூறு கிராமுக்குக் கொஞ்சம் கம்மின்னு வச்சுக்க, லோடு ஏத்துனா இன்னும் கூட. கிட்டத்தட்ட மூணு கிலோ காஞ்ச மரம் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

இதெல்லாம் இவரு கண்டுபுடிச்சது இல்ல. இதே அலபாமால ஸ்பிரிங்வில்ல வெய்ன் கீத்னு ஒரு விவசாயி, 2004 வாக்குல பெட்ரோல் விலை ஏறுனப்ப கடுப்பாகி ஆரம்பிச்சவரு, 2011ல உப்புப் பாலைவனத்துல விறகு வண்டிய மணிக்கு 73 மைல்ல ஓட்டி ரெக்கார்டே வச்சாரு. அதுக்கும் முன்னாடி ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் கெடைக்காம சுவீடன்ல மட்டும் 70 ஆயிரம் வண்டி இப்புடித்தான் ஓடிருக்கு. உங்க தாத்தா சொல்லுவாரே கரி பஸ்ஸு, கிளீனரு பின்னாடி காத்து ஊதுற சக்கரத்தச் சுத்திக்கிட்டே நிப்பான், பாலம் ஏறணும்னா எல்லாரும் எறங்கித் தள்ளணும்னு, நாம அவர ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனோம். அத்தனையும் நெசம்டா.

இனிமேதான் மேட்டரு. டீசலுக்கு அழுறேன், முதுகுளத்தூருச் சுத்திக் கருவேலம் காடா கெடக்குதுன்னு ஒரே மூச்சுல ரெண்டையும் நீ சொன்ன. இத படிச்சதும் உன் கை எங்க போகும்னு எனக்குத் தெரியும். பொலிரோவத் தொடாத. அது டீசல் இன்ஜின், ஸ்பார்க் பிளக்கே கெடையாது, இந்த கேஸு வெறும் அமுக்கத்துல பத்தாது, கொஞ்சம் டீசலக் குடுத்துக்கிட்டே இருக்கணும். ஜெனரேட்டருக்கு அப்புடி ஓட்டுறாங்க, அது ஒரே வேகத்துல நிக்கிற மிஷினு. மிளகாய் மூட்டை ஏத்திக்கிட்டு பரமக்குடிக்குப் போற வண்டில, சென்சாரும் கம்ப்யூட்டருமா இருக்குற இன்ஜின்ல அது சரிப்படாது. ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சிக்குக் கொண்டு போயி நிப்பாட்டுனா என்ன சொல்லுவாங்கன்னு நீயே நெனச்சுப் பாரு.

அப்புறம் வேலை. பெரியவரு வண்டி ஓட்டுற நேரத்த விட மரம் அறுக்குற நேரம் அதிகமா இருக்கும்போல. இருபது சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா தாரு வந்துரும், அது வால்வுல போயி கோந்து மாதிரி ஒட்டிக்கும், மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணுனா வால்வத் தள்ளுற கம்பி, புஷ் ராடு, வளையும். கேஸுல வர்ற தூசியப் பிரிக்கிற சைக்ளோன் டப்பாவத் தட்டணும், வைக்கோல் ஃபில்டர மாத்தணும், தண்ணி வடிக்கணும். பக்கத்துல மில்லு இருக்கு, மரம் இலவசம், ரிட்டயர் ஆன ஆளு, சந்தோஷமா செய்யிறாரு. நீ ஆயில் மாத்துறதுக்கே மூணு மாசம் தள்ளிப் போடுற ஆளு.

ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன், கேலி இல்ல. அந்த இருபது சதவீத மோனாக்சைடு ஆளக் கொல்லும். அவரு அந்த வண்டிய ஷெட்டுக்குள்ள நிறுத்துறதே இல்ல, ஆஃப் பண்ணி மணிக்கணக்கானாலும் உள்ள தணல் இருக்கும், கேஸ் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். மூடியத் திறக்கும்போது மூஞ்சியத் தள்ளி வச்சுக்குறாரு, திடீர்னு காத்துப் பட்டா பக்குன்னு பத்தும். உன் மோட்டார் ரூமு எனக்குத் தெரியும், ஒரே ஒரு சன்னல், அதுவும் மூட்டை அடுக்கி அடைச்சு வச்சிருப்ப. அங்க இந்த வேலைய வச்சுக்கவே கூடாது, தம்பி கேட்டாலும் சரி.

ஆனா முழுசா வேணாம்னும் சொல்லல. உங்க ஊருல மூட்டம் போட்டு கருவேலங்கரி எடுக்குறாங்கல்ல, கரில தாரு பெருசா இருக்காது, அப்ப டிரம்மும் ரொம்ப சிம்பிள், அதனாலதான் அந்தக் காலத்து பஸ்ஸும் கரில ஓடுச்சு. கரியாக்கும்போதே மரத்துல பாதிச் சூடு போயிரும், அது வேற விஷயம். உங்க கம்மாய்க்கரை வயல்ல ஒரு பழைய பெட்ரோல் பம்பு கெடந்துச்சே, அஞ்சு ஹெச்பி, அதுல திறந்தவெளில ட்ரை பண்ணலாம். அது போனா ஒரு பம்பு போச்சு, அவ்வளவுதான், பேங்க் லோன் வண்டி இல்ல.

அந்த பம்பு இன்னும் இருக்கா, இல்ல மச்சான் பழைய இரும்புக்குப் போட்டுட்டானா? இருந்தா கார்பரேட்டர் பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, குழாய் எந்த சைஸுன்னு பெரியவருகிட்ட கேட்டுச் சொல்றேன். கறி வாங்க எப்புடியும் திரும்பப் போகணும், அன்னைக்கு வெறுங்கையோட வந்ததுக்கு இன்னும் பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன்.

உன்
ராஜா