401 முறை சொல்லப்பட்ட ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

குழாய் வெடித்த அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை; உங்களில் பெரும்பாலோருக்கு அது தெரியும். கால்பந்து ஆட்டக்காரர் ஹாரல்ட் பெல்லைப் பற்றிய புத்தகத்துக்காக ஏழு ஆண்டுகளாகச் சேர்த்துவந்த குறிப்புகளில் எது மிஞ்சியது, எது கரைந்தது என்பதையும் அறிவீர்கள். இன்று காலை ஆட்டப் பட்டியலின் கடைசி வரியைச் சரிபார்த்து முடித்தேன். அந்த நிம்மதி மனத்தில் ஈரமாக இருக்கும்போதே இந்த மடலை எழுதுகிறேன்.

நனைந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தவர்கள், நூலகத்தில் அமர்ந்து பழைய நாளிதழ்களைப் படம்பிடித்து அனுப்பியவர்கள், தாங்கள் சேர்த்துவைத்திருந்த ஆட்ட நிகழ்ச்சி மலர்களைத் தயங்காமல் கடன் கொடுத்தவர்கள், என் எழுத்தின் தமிழ்ப் படிகளைத் தேடி எடுத்துத் தந்தவர்கள், பணமாக உதவியவர்கள் ஆகிய எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்களுக்குத் தனித்தனியாகவும் எழுதுவேன்.

இந்த மடலில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தின் பர்கன்ஹெட் நகரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஓர் அம்மையார், என் இழப்பைக் கேள்விப்பட்டு, தம் தந்தையின் நோட்டுப் புத்தகம் ஒன்று வீட்டில் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்த அந்தத் தந்தை, சனிக்கிழமை மாலை வரும் கால்பந்துத் தாளைப் பார்த்து, பெல் இடம்பெற்றிருந்த எங்கள் ஊர் அணியான டிரான்மியர் ரோவர்ஸ் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, பதினொரு கட்டம் போட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதிவைத்திருந்தார். தையல் விட்டுப்போன அந்த நோட்டை வெளியே எடுத்துச் செல்ல முடியாது என்பதால், மாலை ஆறு மணிக்கு அவரே தொலைபேசியில் படித்துச் சொல்ல, நான் எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று.

எனக்கு வேண்டியிருந்தது ஐந்தாவது கட்டம் மட்டுமே. சென்டர் ஹாஃப் எனப்படும் நடுத் தடுப்பாட்டக்காரரின் இடம் அது. 1946 ஆகஸ்ட் இறுதியில், போருக்குப் பின் லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, லிவர்பூலில் பிறந்த 21 வயது பெல் அந்த இடத்தில் இறங்கினார். அதன் பிறகு ஒன்பது முழுப் பருவங்கள் அந்த இடம் வேறு யாருக்கும் போகவில்லை. மூன்றாம் டிவிஷனின் வடக்குப் பிரிவில் முதலில் 22 அணிகள் இருந்து, ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வொன்றுடனும் இருமுறை ஆடியதால், நான்கு பருவங்களுக்குப் பருவத்துக்கு 42 ஆட்டம். 1950இல் அணிகள் 24 ஆனபின் ஐந்து பருவங்களுக்கு 46 ஆட்டம். ஆகக் கூடி 398. அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மேலும் மூன்று. இடைவிடாமல் 401 லீக் ஆட்டங்கள். இன்றுவரை இங்கிலாந்து லீக்கில் எவரும் முறியடிக்காத தொடர் இது. மழையில் ஊறிக் கனத்த தோல் பந்து, சேறாகிப் போன மைதானம், மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம், நட்சத்திரமோ சாதாரணரோ எவருக்கும் பருவகால வாரச் சம்பளம் 1947இல் 12 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற விதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணின் முழுக் கனம் எனக்குத் தெரிகிறது.

அம்மையார் ஒரு மாலைக்கு ஒரு பருவம் என்று படித்தார். தேதியைச் சொல்வார், எதிரணியைச் சொல்வார், பிறகு "பெல்" என்பார். ராச்டேல், பெல். சவுத்போர்ட், பெல். அக்ரிங்டன் ஸ்டான்லி, பெல். இரண்டாம் நாள்தான் தெரிந்தது, அவருடைய தந்தை பக்கத்தின் முதல் வரியில் மட்டும் பெயரை எழுதி, கீழே வரிசையாக மேற்படிக் குறிதான் போட்டிருக்கிறார் என்பது. என் தாத்தாவின் கணக்கேட்டில் பக்கம் பக்கமாக இறங்கும் ௸ குறி எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மையாருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல்; குரல் அவ்வப்போது கம்மியது. ஆகவே, மேற்படி என்று சொன்னாலே போதும், சிரமப்பட வேண்டாம் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மனிதர் ஒவ்வொரு வாரமும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அப்பா எழுதாமல் விட்டதை நானாவது வாயால் சொல்லிவிடுகிறேனே" என்றார்.

நான் ஏழு ஆண்டுகளாக 401 என்பதை ஓர் எண்ணாகவே வைத்திருந்தேன். ஒன்பது மாலைகள் அந்தப் பெயரை ஒவ்வொரு முறையும் காதால் கேட்டபோதுதான், அது 401 தனித்தனி நாள்கள் என்பதும், வலியோ காய்ச்சலோ இருந்திருக்கக்கூடிய நாள்களும் அவற்றில் அடக்கம் என்பதும் எனக்கு உறைத்தது. தண்ணீரில் போன குறிப்புகளில் இது இருக்கவில்லை.

பத்தாம் மாலை மூன்று வரிகள்தான் மிச்சம். அவற்றைப் படித்தபின், 1955 ஆகஸ்ட் 30, கேட்ஸ்ஹெட் அணியுடன் ஆட்டம் என்று தொடங்கிய அம்மையார் நிறுத்திவிட்டார். அன்று அணியில் பெல் இல்லை. மற்றப் பத்துக் கட்டங்களையும் நிரப்பியிருந்த அவருடைய தந்தை, ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். "அப்பாவுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். பெல் அதற்குப் பிறகும் அதே அணிக்கு ஆடினார். அவருடைய லீக் ஆட்டங்கள் 600ஐ நெருங்கின. எனினும் அன்றைக்கு எங்கள் இருவருக்குமே அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

அம்மா, உங்களுக்கு இந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறேன். புத்தகத்தின் பின்னிணைப்பில் மேற்படிக் குறி போட்டால் பக்கங்கள் குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 401 வரிகளிலும் பெல் என்ற பெயர் முழுதாக அச்சாகும். அதற்கடுத்த வரியின் ஐந்தாவது கட்டத்தை உங்கள் தந்தை விட்டபடியே விடுகிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
பர்கன்ஹெட்டிலிருந்து.