விடர்ஷின்ஸ்

திருவொற்றியூர்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அன்றைக்கு போனில் கேட்டாயே, அங்கே ஸ்காட்லாந்தில் சொல்கிற 'விடர்ஷின்ஸ்' என்றால் என்னவென்று. எண்ணூர் சாலை லாரிச் சத்தத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை.

சூரியன் போகும் திசைக்கு எதிராக, இடப்பக்கமாகச் சுற்றுவதுதான் அது. நம் ஊரில் அப்பிரதட்சிணம் என்போம். ஸ்காட்லாந்தில் அப்படிச் சுற்றினால் கெடுதல் என்று பழைய நம்பிக்கை. உன் ஹவுஸ் ஓனர் அம்மா தேவாலயத்தை அந்தப் பக்கமாகச் சுற்ற உன்னை விடாததற்குக் காரணம் இதுதான்.

வடக்கு ஜெர்மனியில் அந்தக் காலத்தில் பேசிய மொழியிலிருந்து வந்த சொல். முதல் பாதிக்கு 'எதிர்', அடுத்த பாதிக்கு 'வழி'. கடைசி 'ஸ்' பன்மை இல்லை. ஆல்வேஸ், சைட்வேஸ் என்பதில் வருகிற அதே பழைய வேற்றுமை உருபு. ஸ்காட்லாந்துக் கவிஞர் காவின் டக்ளஸ் 1513இல் முடித்த, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவிய மொழிபெயர்ப்பில், பயத்தில் ஒருவனுக்கு மயிர் 'விடர்ஷின்ஸாக', அதாவது எதிர்ப்பக்கமாக, எழுந்து நிற்கிறது. சூரியன் பிற்பாடுதான் இதற்குள் வந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது இதன் எதிர்ச்சொல், 'டெஷல்'. வலமாகச் சுற்றுவது. அது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல்; அதில் வரும் 'ஜெஸ்' என்றால் வலது, தெற்கு என்றும் பொருள். சமஸ்கிருத 'தட்சிண'த்துக்கும் அதே இரண்டு பொருள்தான்; இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. விடியலில் கிழக்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் தெற்குதானே! நம் பிரதட்சிணமும் அவர்கள் டெஷலும் தூரத்துச் சொந்தம், கயல். இதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் இடப்பக்கம் என்றாலே ஆகாது என்று நீ முடிவு கட்டிவிடாதே. பிரதோஷத்தன்று நானே சுற்றுகிறேன், சோமசூக்தப் பிரதட்சிணம். நந்தியிடமிருந்து இடமாகச் சண்டிகேசுவரர் வரை போய், வந்த வழியே நந்தியிடம் திரும்பி, அப்புறம் வலமாகக் கோமுகி வரை, அதாவது கருவறையிலிருந்து அபிஷேக நீர் வெளியேறும் வாய் வரை. அபிஷேகப் பால் அதன் வழியாக வழிந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது, மறுபடி நந்தியிடமே திரும்ப வேண்டும். பெருங்கூட்டத்திலும் அந்த இடத்தில் எல்லாரும் தானாகத் திரும்புகிறார்கள், சின்னப் பிள்ளைகள்கூட.

இதை அந்த அம்மாவிடம் சொல். அவருடைய பாட்டி காலத்தில் எதையெல்லாம் வலமாகச் சுற்றினார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. கிணற்றையா, வயலையா, பிள்ளை பெற்ற வீட்டையா?

குளிருக்கு ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா