மெஷின் இருக்கட்டும், அரைப்பைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் நல்ல காபி போட எந்தக் கருவி வாங்கலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். மெஷின்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், கொட்டையை அரைப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார். தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத் தட்டால் அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குத் தூள் கல் உப்பு மாதிரி கொரகொரப்பாக இருக்க வேண்டும், வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி எடுக்கும் எஸ்பிரஸ்ஸோவுக்கு நைசாக. மாற்றிப் போட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் காலை வாரிவிடும். மிக்ஸி மாதிரி கத்தி சுழலும் பிளேடு கிரைண்டர் பாதி மாவும் பாதி நொய்யுமாகத் தள்ளும். மாவு கசக்கும், நொய் புளிக்கும், இரண்டும் ஒரே கப்பில்! இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே ஒரே சீராக அரைக்கும் பர் கிரைண்டர், அதுவும் கையால் சுற்றும் சின்னதே போதும்.

பேப்பர் ஃபில்டர் புது மோஸ்தர் என்கிறார் கட்டுரையாளர். ஆனால் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி அதற்கு உரிமை பதிந்தது 1908-இல். அதில் ஊற்றும்போது 15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர் என்று எடை பார்த்துத்தான் போடுகிறேன், கரண்டிக் கணக்கு ஒரு நாள் போல மறுநாள் வராது. முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுத்தால், புதிதாக வறுத்த தூள் உப்பிக் குமிழ் விடும். உள்ளே அடைபட்ட கரியமில வாயு போன பிறகுதான் தண்ணீர் சீராக இறங்கும்.

கீழ் அறையில் கொதிக்கும் தண்ணீர் தூள் வழியே மேலேறிக் காபியாகும் ‘மோக்கா பாட்’ என்ற அடுப்புப் பாத்திரத்தோடு நான் பட்டது தனிக் கதை. தீயைக் கூட்டி வைத்துவிட்டு போன் பேசப் போனேன், திரும்பி வந்தால் அடுப்பெல்லாம் காபி, வாயில் வைத்தால் கரிந்த வாடை. இப்போது கீழ் அறையில் வெந்நீரே ஊற்றி, சிறு தீயில் வைத்து, மேலேறி வரும் காபி தேன் நிறத்துக்கு வெளுத்ததும் சட்டென்று இறக்கிவிடுகிறேன்.

சரி, அடுத்த இதழில் கிரைண்டருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்களேன்.

– ஒரு வாசகர்