ரேஞ்ச் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: டரட்டைத் தொடுமுன் திருகாணியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், ரேஞ்ச் பொறுப்பில் நிற்கும் அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

மே மாதம் நெருங்குகிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில் தொடங்கும் குளிர்கால வேட்டைக்கு முன்னால், நம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதுமுகங்கள் நிறைய வருவார்கள். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துப் பிள்ளைகள். காம்பிடன்சி சான்றிதழ், போலீஸ் லைசென்ஸ் என்று மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய புது .308 ரைபிள், அதன்மேல் கடைக்காரர் பொருத்திக் கொடுத்த ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கி. நம்மில் பலருக்கு அப்பாவோ தாத்தாவோ ரைபிள் பிடிக்கச் சொல்லித் தந்ததில்லை. இவர்களுக்கும் அப்படித்தான். ரேஞ்சில் நாம் சொல்வதுதான் அவர்களுக்குப் பாடம். அந்தப் பாடத்தில் ஒன்றை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இப்போது நடப்பது இதுதான். தம்பி 100 மீட்டரில் ஒரு தோட்டா சுடுகிறார். பின்னால் நிற்பவர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்த்து, "இடப்பக்கம் நாலு விரல் தள்ளிப் போயிருக்கு, வலப்பக்கம் பத்து கிளிக் திருப்பு" என்கிறார். ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழ்தான் டரட், அதன் ஒரு படி ஒரு கிளிக். அடுத்த தோட்டா வலப்பக்கம் கீழே விழுகிறது. திரும்பவும் டரட்டைத் திருப்பு, திரும்பவும் சுடு. பெட்டி காலியானதும் ஸ்கோப் மட்டம், இல்லையென்றால் ரைபிளே மட்டம் என்று தீர்ப்பாகிவிடுகிறது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு தோட்டாவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நன்றாகச் சுடும் ரைபிளே 100 மீட்டரில் நாலு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போடும். அந்த வட்டத்தின் இடது ஓரத்தில் விழுந்ததைப் பார்த்து வலப்பக்கம் திருப்பினால், அடுத்தது வலது ஓரத்தில் விழும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும். நாம் துரத்துவது ரைபிளின் பிழையை அல்ல, அதன் இயல்பான சிதறலை.

முதலில் குரூப், அதாவது தோட்டாக்கள் சேர்ந்து விழும் வட்டம். அப்புறம்தான் ஜீரோ, அதாவது அந்த வட்டத்தைக் குறிப்புள்ளிக்குக் கொண்டுவருவது. மூன்று தோட்டாக்களை ஒரே புள்ளியைக் குறிவைத்து, எதையும் தொடாமல் சுடட்டும். மூன்றும் நெருக்கமாக, ஆனால் தள்ளி விழுந்தால் அது ஜீரோ பிரச்சினை. டரட்டைத் திருப்பினால் தீர்ந்துவிடும். மூன்றும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தால் எந்தக் கிளிக்கும் உதவாது. எங்கோ ஏதோ ஆடுகிறது, அல்லது சுடுபவர் ஆடுகிறார்.

பெரும்பாலும் ஆடுவது ஸ்கோப் மவுண்ட்தான், அதாவது ரைபிள்மேல் திருகிய பேஸும் அதன்மேல் ஸ்கோப்பின் குழாயை (டியூபை) இறுக்கும் ரிங்குகளும். போன சீசனில் நம் பெஞ்சுக்கு வந்த ஒரு ரைபிளைச் சொல்கிறேன். கடையில் "போர்சைட் (சுடாமலே ஸ்கோப்பைக் குழலோடு உத்தேசமாக நேராக்குவது) பண்ணியாச்சு, நேரே வேட்டைக்குப் போகலாம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அட்டையில் ஓட்டைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறியிருந்தன. போல்ட்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அறை) காலி என்று பார்த்துவிட்டு ஸ்கோப்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினோம். முன் ரிங்கின் ஓரத்தை ஒட்டி, கறுப்பு டியூபில் தீக்குச்சி கனத்துக்கு ஒரு பளபளப்பான கீறல். ஒவ்வொரு உதைப்புக்கும் ஸ்கோப் ரிங்குக்குள் வழுக்கி முன்னால் நகர்ந்திருக்கிறது. மேல் ரிங்கைக் கழற்றினால் பின் பேஸின் திருகு விரலாலேயே சுற்றியது. துளைக்குள் எண்ணெய் அப்படியே நின்றது, துடைக்காமலே முறுக்கியிருக்கிறார்கள். துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி விட்டு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் அளவாக முறுக்கியதும் அதே தோட்டா, அதே ஆள், குரூப் ஒரு ஐந்து ரேண்ட் காசுக்குள் அடங்கும்படி வந்தது.

அளவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான ரிங்குகளுக்கு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட் போதும். மவுண்டோடு வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கடைசிச் சொல். கை பலத்தைக் காட்டி முறுக்கினால் டியூப் நசுங்கி உள்ளே இருக்கும் பாகம் சிக்கிக்கொள்ளும். அப்போது நாலு கிளிக் திருப்பினால் ஒன்றும் நகராது, ஐந்தாவதில் எல்லாம் சேர்ந்து குதிக்கும். முறுக்கி முடித்ததும் ரிங் ஓரத்தில் டியூப்மேல் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லுங்கள். நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

ஸ்டாக்கை (ரைபிளின் கட்டையை) இயந்திரப் பகுதியோடு பிடிக்கும் ஆக்ஷன் திருகுகளையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒரு தாளை மடித்து பேரலுக்கும் (குழலுக்கும்) ஸ்டாக்குக்கும் இடையில் இழுத்துப் பாருங்கள். ஃப்ரீ ஃப்ளோட், அதாவது பேரல் ஸ்டாக்கைத் தொடாது என்று சொல்லி விற்ற ரைபிளில் தாள் பாதியில் தடைபட்டால் ஸ்டாக் பேரலைத் தொடுகிறது, சூடேறச் சூடேறத் தோட்டா இடம் மாறும்.

நம் நாட்டில் பலர் சைலன்சர் போட்டுத்தான் சுடுகிறார்கள். தனி லைசென்ஸ் வேண்டாம், காதுக்கும் நல்லது. ஆனால் பேரல் முனையில் அந்த எடை ஏறியதும் தோட்டா விழும் இடம் மாறிவிடும். சைலன்சரோடு வேட்டைக்குப் போகிறவர் சைலன்சரோடுதான் ஜீரோ செய்ய வேண்டும், ஒவ்வொரு குரூப்புக்கும் முன்னால் அது இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் பார்க்கவும் வேண்டும். தோட்டாவும் அப்படியே. 150 கிரெய்ன் எடையுள்ள குண்டில் ஜீரோ செய்துவிட்டு, கடையில் 180 தான் இருந்தது என்று வாங்கிப் போனால் அது வேறு இடத்தில் விழும். எண்ணெய் பூசிய பேரலின் முதல் தோட்டாவையும் கணக்கில் சேர்க்காதீர்கள். மெல்லிய வேட்டைப் பேரல் தொட முடியாதபடி சூடானால் ஆறும்வரை காத்திருக்கட்டும். பெஞ்சில் அவசரப்படுத்துவது நாம்தான், வரிசை நீளமாக இருக்கிறது என்று.

தொடக்கத்தை 25 மீட்டரில் வையுங்கள். அங்கே கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் ஒன்றுக்குத் தோட்டா இரண்டு மில்லிமீட்டர்கூட நகராது, 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர் நகரும். 25-இல் நாலு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 22 கிளிக் வேண்டும். 100 மீட்டர் கணக்கில் ஆறு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யலை" என்று புகார் சொல்பவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! ஸ்கோப் பேரலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் 25-இல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே விழுந்தால் 100-இல் ஏறக்குறைய சரியாக வரும்.

இத்தனைக்கும் பிறகு சிதறினால் சுடுபவரைப் பாருங்கள். மணல் மூட்டை முன்கட்டைக்கு அடியில் இருக்க வேண்டும், பேரலுக்கு அடியில் அல்ல. பின்கட்டைக்கும் ஒரு சின்ன மூட்டை வேண்டும். இடையில் அவருக்குத் தெரியாமல் வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். விசையை இழுக்கும்போது வெடிக்காமலே முனை சட்டென்று கீழே குத்தினால் அது உதைப்பு பயம். அதைத் திட்டித் தீர்க்க முடியாது. வெற்று ரைபிளில் நிறையப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். சாதாரண லைசென்ஸ்காரர் ஒரு ரைபிளுக்கு 200 தோட்டாவுக்குமேல் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. விலையும் உங்களுக்குத் தெரியும். டரட்டைத் துரத்தியே காசு கரைந்தால் பழகுவதற்கு மிச்சம் இராது. அதைவிடப் பெரியது காட்டில் நடப்பது. இம்பாலா மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு விரித்த கையளவுதான். ஜீரோ நிலைக்காத ரைபிள் அதை வயிற்றிலோ காலிலோ அடிக்கும். புரட்டாசி பிறக்குமுன் கறியும் பில்டாங்கும் (உப்புக்கண்டமும்) ஆகிவிட வேண்டும் என்று போகிற பிள்ளைகள், முள்காட்டில் இரத்தத் துளி தேடி இருட்டும்வரை அலைகிறார்கள். கிடைக்காவிட்டாலும் பண்ணைக்காரருக்குப் பணம் கட்டியாக வேண்டும். கட்டிவிடலாம். ஆனால் அந்த மான் எங்கோ கிடந்து சாக நாள் கணக்காகும். அதற்கு ரேஞ்சில் நின்ற நாமும் பொறுப்பு.

எனவே நான் கேட்பது: குழு செலவில் ஒரு டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கிப் பெஞ்சிலேயே வையுங்கள். புது ஸ்கோப் ரைபிள் எதுவாக இருந்தாலும் திருகாணிகளைப் பார்த்த பிறகே முதல் தோட்டா. மூன்று தோட்டா விழும்வரை யாரும் "திருப்பு" என்று சொல்லக் கூடாது. குழுவோடு வேட்டைக்கு வருகிற எவரும், மூத்தவராக இருந்தாலும், 100 மீட்டரில் மூன்று தோட்டாவை ஐந்து சென்டிமீட்டருக்குள் போட்டுக் காட்டட்டும். அப்புறம், வேட்டைப் பண்ணைகள் இருக்கும் ம்குசே பக்கம் போகும் மண்சாலை நம் பக்கியை (பிக்கப் வண்டியை) குலுக்கி எடுக்கும். ஆகவே பண்ணைக்குப் போனதும், மிருகத்தைத் தேடுமுன், ஒரு அட்டையில் சுட்டு ஜீரோ நிற்கிறதா என்று பார்க்கட்டும். பண்ணைக்காரர்கள் யாரும் இதற்கு மறுப்பு சொல்வதில்லை, சந்தோஷப்படவே செய்வார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். ஏப்ரல் மாத ரேஞ்ச் நாட்களில் காலையிலேயே வந்து புதியவர்களின் ரைபிள்களைப் பார்த்துக் கொடுக்க நான் தயார். குழு வாங்கும்வரை என்னுடைய டார்க் ஸ்க்ரூடிரைவர் பெஞ்சில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் குழு உறுப்பினர் ஒருவர்
டர்பன்