பின் பிரேக் ஹோஸ் ஃபிரேமை அறுக்கிறது: வாரண்டி மறுப்பை மாற்றக் கோரும் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: முழு சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கில் பின் பிரேக் ஹோஸ் போகும் பாதையில் உள்ள குறை, அதனால் ஃபிரேமுக்கும் ஹோஸுக்கும் ஏற்பட்ட சேதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பின்சக்கரத்துக்கு 140 மி.மீ. அசைவு உள்ள உங்கள் அலுமினிய மவுண்டன் பைக்கைக் கோவையில் உள்ள உங்கள் டீலரிடம் முழுத் தொகை கட்டி வாங்கினேன். வாரண்டி காலம் இன்னும் முடியவில்லை. பின் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் குழாய்) ஸ்விங் ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஃபிரேமின் பின்பகுதியில், உரசி, பெயின்டைத் தாண்டி உலோகத்திலேயே பள்ளம் விழுந்துவிட்டது. படங்களோடு விண்ணப்பித்தேன். "இது வழக்கமான தேய்மானம், தோற்றத்தை மட்டுமே பாதிக்கும், பாதுகாப்பு டேப் ஒட்டிக்கொள்ளவும்" என்று பதில் அனுப்பினீர்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

டயர், செயின், பிரேக் பேட் இவையெல்லாம் தேயும். அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்துதான் சைக்கிள் வாங்குகிறோம். ஸ்விங் ஆர்ம் அந்த வகைப் பொருள் இல்லை. அது தேய்கிறது என்றால், தேய்க்கிற ஏதோ ஒன்று இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த இடம் எது என்று நான் பார்த்துவிட்டேன். ஹோஸ் டவுன் டியூபின் (ஃபிரேமின் முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய்) உள்ளே வந்து, ஸ்விங் ஆர்ம் திரும்பும் அச்சான மெயின் பிவட்டுக்குச் சற்று மேலே இடப்பக்கமாக வெளியே வருகிறது. அதற்கப்புறம் அதைப் பிடித்திருக்கும் முதல் கிளிப், ஸ்விங் ஆர்மின் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயில் வெகுதூரம் பின்னால் தள்ளி இருக்கிறது. நடுவில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு ஹோஸைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. சக்கரம் மேலே ஏறும்போது ஸ்விங் ஆர்ம் பிவட்டைச் சுற்றித் திரும்புகிறது. பிவட்டுக்கு மேலே உள்ள இரண்டு பிடிப்புகளுக்கும் இடையிலான தூரம் அப்போது குறையும். தூரம் குறையும், ஹோஸின் நீளம் குறையாது. மிஞ்சுகிற நீளம் வில்லாக வளைந்து வெளியே பிதுங்கி, வெல்டிங் விளிம்பில் போய் அழுந்துகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒவ்வொரு வேருக்கும் ஒரு தடவை உரசல். ஹோஸ் பிவட்டின் மையத்தை ஒட்டிப் போயிருந்தால் இந்தத் தூரம் மாறவே மாறாது என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகத்தான் மாறும். முழு சஸ்பென்ஷன் ஃபிரேம் வடிவமைப்பவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை.

கடையில் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது இது கண்ணில் படாது. பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக் முழுக்க நீண்டிருக்கும். ஹோஸும் ஒழுங்காகப் படிந்திருக்கும். ஷாக்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சீட்டை அமுக்கி, பின்சக்கரத்தை மேல் எல்லை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். ஹோஸ் பிதுங்குவது, வெல்டிங்கில் இடிப்பது, பெடலைத் தாங்கும் இடது கிராங்குக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பது எல்லாம் அப்போது தெரியும். இந்தச் சோதனையின் வீடியோவைப் போன புகாரோடு அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் பாலியூரித்தேன் டேப்பை நான் முதலிலேயே ஒட்டிப் பார்த்தேன். ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்க வந்த டேப் அது. நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஃபிரேமைத்தான் காக்கும், ஹோஸின் அசைவை நிறுத்தாது. மழைக்காலத்தில் நீலகிரித் தேயிலைத் தோட்டப் பாதைகளில் போய் வந்தால் ஹோஸுக்கும் டேப்புக்கும் நடுவில் செம்மண் சேறு ஏறிவிடும். அப்புறம் அது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். டேப் கிழிந்தது. பள்ளமும் ஆழமானது, இப்போது விரலால் தடவினால் நகம் சிக்குகிறது. அந்தப் பள்ளம் விழுந்திருப்பது வெல்டிங்கை ஒட்டி. அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட பகுதி மற்ற இடத்தைவிட பலம் குறைந்தது. அலுமினியத்தில் சின்னக் கீறலும் திரும்பத் திரும்ப அழுத்தம் விழும்போது விரிசலாக வளரக்கூடும். இதைத் தோற்றக் குறை என்று உங்கள் பொறியாளர் யாராவது கையெழுத்துப் போட்டுச் சொல்வாரா?

ஹோஸின் நிலை இன்னும் மோசம். வெளியுறை தேய்ந்து உள்ளே இருக்கும் இழை தெரிய ஆரம்பித்துவிட்டது. ஹைட்ராலிக் ஹோஸில் உள்குழாய் எண்ணெயைப் பிடித்துவைக்கும். லிவரை அழுத்தும்போது குழாய் விரியாமல் தாங்குவது அந்த இழைப் பின்னல்தான். அது அறுபட்டால் ஹோஸ் எப்போது விட்டுக்கொடுக்கும்? வண்டி சும்மா நிற்கும்போது அல்ல, பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போதுதான். எண்ணெய் கசிந்து டிஸ்க்கிலும் பேடிலும் பட்டால் பிடிப்பும் போய்விடும். கோத்தகிரி மேட்டுப்பாளையத்தைவிட 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அந்த இறக்கத்தில் எதிரே பஸ் வரும் வளைவில் பின் பிரேக் இல்லை என்றால் என்ன ஆகும் என்று சற்று நினைத்துப் பாருங்கள்.

ஹோஸை வெட்டிக் குட்டையாக்கினால் சரியாகிவிடும் என்று டீலர் கடையில் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள், ஆனால் இந்த ஃபிரேமுக்கு அது பொருந்தாது. ஷாக் முழுக்க நீண்டிருக்கும் நிலையில்தான் இதில் ஹோஸுக்கு அதிக நீளம் தேவை. அந்த நிலையில் இப்போதே தளர்வு கொஞ்சம்தான். இன்னும் குட்டையாக்கினால் சக்கரம் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் இணைப்பில் இழுவை விழும். நீளம் சரியாகத்தான் இருக்கிறது. போகும் வழிதான் தவறு.

சேதம் மேலும் கூடாமல் இருக்க, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை வைத்துப் புது ஹோஸ் போட்டு, பிரேக் எண்ணெயில் இருந்த காற்றை எடுத்து, ஒட்டுகிற வகை ஹோஸ் கிளிப் இரண்டைப் பிவட்டுக்கு இரு பக்கமும் வைத்தோம். ஹோஸ் இப்போது பிவட் போல்ட்டை ஒட்டிப் போகிறது. கிளிப்பில் ஹோஸைக் கட்டும் கேபிள் டையை இறுக்கிக் கட்டவில்லை. ஹோஸ் கொஞ்சம் வழுக்கிக்கொள்ள இடம் விட்டிருக்கிறோம். ஷாக்கை முழுக்க அமுக்கினாலும் வெல்டிங்கில் படாமல் நல்ல இடைவெளி இருக்கிறது, கிராங்கையும் தொடவில்லை. ஃபிரேமில் எங்கும் துளை போடவில்லை, எதையும் ராவவில்லை. இது தற்காலிக ஏற்பாடு. வெயிலிலும் மழையிலும் பசை விட்டுவிடும் என்பதால் இதை நம்பி மலை இறங்க நான் தயாராக இல்லை. இருந்தாலும், இரண்டு சின்ன கிளிப்புகளால் தீர்ந்துபோகிற ஒன்றைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இப்போது இந்த கிளிப்புகளையே காரணம் காட்டி, "வாடிக்கையாளர் மாற்றம் செய்ததால் வாரண்டி பொருந்தாது" என்று டீலர் வழியாகச் சொல்லியிருக்கிறீர்கள். கிளிப் வைப்பதற்கு முன்பே சேதம் இருந்தது என்பது முதல் புகாரின் படங்களிலேயே தெளிவாக இருக்கிறது. அவற்றின் தேதியும் உங்கள் பதிவில் இருக்கும்.

நான் கேட்பது இவைதான். பள்ளம் விழுந்த ஸ்விங் ஆர்மை இலவசமாக மாற்றித் தர வேண்டும். அதைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும் என்பதால் முழு ஃபிரேமும் கேட்கவில்லை. பிவட்டை ஒட்டி ஹோஸைப் பிடிக்க, போல்ட் போட்டு இறுக்கும் நிரந்தரமான கிளிப் ஒன்றை நீங்களே செய்து பொருத்த வேண்டும். அது இல்லாமல் புது ஸ்விங் ஆர்ம் மட்டும் தந்தால் அதுவும் இதே போல அறுபடும். புது ஹோஸுக்கும் வேலைக்கும் ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும், ரசீதை இணைத்துள்ளேன். தற்காலிக கிளிப் வைத்ததால் வாரண்டி போகாது என்று எழுத்தில் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் மிக முக்கியம். இதே ஃபிரேமை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். ஹோஸ் தேய்வது பின்னால், கீழே, கிராங்குக்கு மறைவில். சேறு படிந்திருக்கும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் கையேட்டில் ஹோஸைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. ஷாக்கை அமுக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. எல்லா டீலர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, சர்வீஸுக்கு வரும் வண்டிகளில் அந்த இடத்தைச் சோதிக்கச் சொன்னால் போதும். அதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. இந்த வண்டியின் விலைக்கு அங்கே மனுக் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை. மற்ற எல்லா வகையிலும் இது எனக்குப் பிடித்த வண்டி, இதைத் தொடர்ந்து ஓட்டத்தான் ஆசைப்படுகிறேன்.

வண்டியைக் கோவை டீலரிடமே விட்டுவைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். முன்கூட்டியே சொன்னால் நானும் வந்துவிடுகிறேன். ஷாக் பம்ப் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஹோஸை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் அவரிடம் காட்டுகிறேன்.

இணைப்பு: வாங்கிய ரசீது, முதல் புகாரின் நகல், சேதத்தின் படங்கள், ஹோஸ் மாற்றிய ரசீது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்